பாரிஷ் கவுன்சிலா, பாரிஷ் கூட்டமா?

பாரிஷ் என்பது இங்கிலாந்தில் உள்ளாட்சியின் மிகச் சிறிய அலகு. அங்கே கிராமப்புறத்தில் சில பாரிஷ்களில் நாலைந்து பண்ணை வீடுகளும் ஒரு பழைய தேவாலயமும்தான். மீதியெல்லாம் மேய்ச்சல் நிலம். இவற்றை ஆள இரண்டு வழிகள், இரண்டுக்கும் வேர் 1894 உள்ளாட்சிச் சட்டம்.

கவுன்சில் என்றால் குறைந்தது 5 உறுப்பினர்கள், 4 ஆண்டுக்கு ஒரு தேர்தல், கணக்கு வழக்குக்கு ஒரு கிளார்க். ஆயிரம் வாக்காளர் உள்ள ஊருக்கு இதுதான் சரி.

கூட்டத்தில் வாக்காளர் எல்லோருமே உறுப்பினர். ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். வந்து உட்கார்ந்து கை தூக்கினால் முடிவு. ஆண்டுக்கு 2 முறையாவது கூட வேண்டும். ஊர்ச் சொத்து மட்டும் அறங்காவலர்கள் பெயரில்தான் இருக்கும், அது சிரமம்தான். ஆனாலும் 150 வாக்காளர்கூட இல்லாத ஊரில் 5 பேரைத் தேடிப் பிடிப்பதைவிட, எல்லோரும் நேரில் பேசும் கூட்டமே மேல் என்பேன்.