பச்சை விளக்கை நம்பிக் கெட்டேன்: மின் விலைத் திரை வாங்குவோர் கவனத்துக்கு

பின்லாந்தில் ஸ்பாட் விலைக்கு, அதாவது சந்தையில் ஏறி இறங்கும் விலைக்கு, மின்சாரம் வாங்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தந்த நேரத்து மின் விலையைக் காட்டும், சுவரில் மாட்டும் அந்தச் சின்னத் திரையை எங்கள் தமிழ்க் குழுவில் முதலில் புகழ்ந்தவன் நான்தான். என் பேச்சைக் கேட்டு மூன்று குடும்பங்கள் அதை வாங்கின. ஹெல்சின்கி பக்கத்தில் வாண்டாவில் இருக்கும் நண்பர் போன வாரம் போனில், "அண்ணே, நீங்க சொல்லித்தானே வாங்கினேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

முதலில், இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போவில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். சூடேற்றுவது முழுக்க மின்சாரம்தான். 300 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கு 3 கிலோவாட், சவுனா எனும் வெப்பக் குளியலறையின் அடுப்புக்கு 6 கிலோவாட். 2024 ஜனவரி 5 இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கடுங்குளிர், அன்று மாலை 7 மணிக்கு மேல் ஒரு யூனிட் வரியோடு 2 யூரோ 35 சென்ட் வரை போனது. அதற்கு ஆறு வாரம் முன்பு, 2023 நவம்பர் 24 அன்று, ஒரு நிறுவனம் மின்சந்தை ஏலத்தில் தவறான அளவைக் கொடுத்ததால் விலை பூஜ்யத்துக்குக் கீழே 50 சென்ட் வரை இறங்கியிருந்தது. இப்படித் துள்ளும் விலையை நாள் முழுக்க மொபைலில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சமையலறைச் சுவரில் ஒரு திரை. விலை குறைவென்றால் பச்சை, நடுவில் மஞ்சள், அதிகமென்றால் சிவப்பு. 119 யூரோ கொடுத்து ஒரு இணையக் கடையில் வாங்கினேன். பெட்டியின் மேல் 'வாழ்நாள் முழுதும் இலவச அப்டேட்' என்று அச்சடித்திருந்தது.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. என் மனைவி இட்லி மாவு அரைப்பதைக்கூடப் பச்சை வரட்டும் என்று தள்ளிவைப்பாள். கிரைண்டர் இழுப்பது 150 வாட்தான், அதற்கு எந்த நிறமும் பார்க்க வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள். கணக்குப் பார்க்க வேண்டியது வெந்நீர்த் தொட்டி, சவுனா, கார் சார்ஜ், அறைச் சூடு இவற்றுக்குத்தான்.

இடையில் ஒரு அறிகுறி தெரிந்தது. நான்தான் கண்டுகொள்ளவில்லை. 2024 செப்டம்பர் 1 அன்று இங்கே மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதத்திலிருந்து 25.5 ஆனது. திரையோ நவம்பர் வரை பழைய வரியையே சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. 10 சென்ட் விலையில் வித்தியாசம் ஒரு சென்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, போகட்டும் என்று விட்டேன். ஆனால் வரி விகிதம் என்பது அமைப்புகளில் போய் நாமே மாற்றிக்கொள்ளும் ஒரு எண்ணாக இருக்க வேண்டும். அதை நிரலுக்குள் பதித்துவிட்டு, அப்டேட் வரும்வரை உட்காரவைக்கிற ஆட்களின் வேலை எப்படி இருக்கும் என்று அன்றே யோசித்திருக்கலாம். நானும் மென்பொருள் வேலையில்தான் இருக்கிறேன் என்பது கூடுதல் வெட்கம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மறுநாள் விலையை முதல் நாளே முடிவுசெய்யும் ஐரோப்பிய மின்சந்தையில் அதுவரை மணிக்கு ஒரு விலை, நாளுக்கு 24 விலை. 2025 அக்டோபர் 1 முதல் கால்மணிக்கு ஒரு விலை, நாளுக்கு 96. இது திடீரென்று வந்ததல்ல. ஜூன் 11 அன்றே தொடங்குவதாக இருந்தது, தள்ளிப்போய்தான் அக்டோபருக்கு வந்தது. சாதனம் செய்பவர்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதுமில்லை. நான்கு கால்மணி விலைகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் பழைய மணி விலை கிடைத்துவிடும்.

எங்கள் திரை என்ன செய்தது தெரியுமா? வந்த 96 எண்களில் முதல் 24-ஐ எடுத்துக்கொண்டு, அவைதான் 24 மணி நேரத்தின் விலைகள் என்று காட்டியது. பிழைச் செய்தி இல்லை. திரை இருண்டுபோகவும் இல்லை. அழகாக, அமைதியாக, பொய்.

சந்தையின் நாள் மத்திய ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவில் தொடங்கும். நமக்கு அது இரவு 1 மணி. அங்கிருந்து 24 கால்மணி என்றால் காலை 7 மணியோடு முடிந்துவிடும். ஆக, ஊரே தூங்கும் ஆறு மணி நேரத்தின் மலிவு விலையை இழுத்து நீட்டி, நாள் முழுக்கப் போர்த்திவிட்டது. மாலை 6 மணிக்கு அது காட்டியது விடிகாலை 5:15 மணியின் விலை. ஊரெல்லாம் வேலை முடிந்து வந்து அடுப்பைப் போடும் நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் பச்சை!

பதினைந்து நாளுக்கு மேல் இப்படிப் போனது. "இந்த மாசம் மின்சாரம் ரொம்ப மலிவா இருக்குல்ல?" என்று மனைவியிடம் நானே சொன்னேன். மாலையில்தான் தொட்டியைச் சூடாக்கினோம். கண்டுபிடித்தது நானல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவர். மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வியாழக்கிழமை மாலை குப்பை போடப் போனபோது, எங்கள் சவுனாவின் காற்றுப்போக்கிப் பக்கம் பார்த்துவிட்டு, இந்த விலையிலா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். பின்லாந்துக்காரர் தானாக முன்வந்து இவ்வளவு பேசினால் விஷயம் பெரிது. வீட்டுக்குள் வந்து மொபைலில் பார்த்தேன்: 16 சென்ட். சுவரில்: 2 சென்ட், பச்சை. இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. கால்மணி விலைக்கான புதிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) தயார். ஆனால் 2025-க்கு முந்தைய மாடல்களுக்கு அது 'பிளஸ்' சந்தாவில்தான் கிடைக்கும், மாதம் 2 யூரோ 99 சென்ட். வாழ்நாள் இலவசம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அது பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டுமாம், இது 'புதிய வசதி'யாம். சரியான விலையைக் காட்டுவது ஒரு விலைத் திரைக்குப் புதிய வசதி! வாங்கிய கடிகாரம் சரியான நேரம் காட்டத் தனிச் சந்தா கேட்ட மாதிரி.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. மூன்று யூரோதானே, வம்பு எதற்கு என்று கட்டிவிட்டேன். அட்டை எண்ணும் கொடுத்தேன்.

அப்டேட் தொடங்கியது. 60 சதவீதம் தாண்டியதும் திரை ஒருமுறை மினுக்கியது. நிறுவனத்தின் சின்னம் வந்தது, போனது, வந்தது, போனது. இரவு முழுக்க அதே கதை. இந்த மாதிரிச் சாதனங்களில் இருக்கும் சில்லுகளில் நினைவகத்தை இரண்டு அறைகளாகப் பிரித்துவைப்பது வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபர்ம்வேர் ஒரு அறையில் இருக்கும், புதியது அடுத்த அறையில் இறங்கும். புதியது சரியாக எழுந்திருக்காவிட்டால் சாதனம் தானே பழையதற்குத் திரும்பிவிடும். பாதியில் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது. இவர்களும் அப்படிச் செய்திருந்தால் என் திரை பழைய பொய்யையாவது காட்டிக்கொண்டிருக்கும். அடிப்பக்கம் ஒரு யூ.எஸ்.பி துளை இருக்கிறது, கணினியில் செருகிப் பார்த்தேன். மின்சாரம் ஏற்ற மட்டும்தான், தரவு போகாது.

வாடிக்கையாளர் சேவை அரட்டையில் அடுத்த மூன்று வாரம். ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றார்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்தானா என்றார்கள். திரையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால், வேறொருவர் வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் தீர்ப்பு: அப்டேட் நடுவில் நான் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறேன், ஆகவே உத்தரவாதம் செல்லாது, உள்பலகை மாற்ற 49 யூரோ, தபால் செலவு என்னுடையது. நான் துண்டிக்கவில்லை. துண்டித்திருந்தாலும் அதைத் தாங்கும்படி செய்வது அவர்கள் வேலை.

வாண்டா நண்பருக்கு அப்டேட் ஒழுங்காக ஏறியது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அக்டோபர் 26 ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். அன்று நாளுக்கு 25 மணி நேரம், அதாவது 100 விலைகள். புதிய ஃபர்ம்வேரில் 96-க்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள் போலிருக்கிறது. காலையிலிருந்து திரை உறைந்து நின்றது, மறுநாள்தான் உயிர் வந்தது. வருடா வருடம் வருகிற நாள் இது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அப்டேட்டில் இந்த லட்சணம்.

கடையிடம் போனேன். "தயாரிப்பாளரிடம் கேளுங்கள்" என்று ஒரே வரியில் பதில். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் திரும்பி வந்துவிடுகிறோம். வரவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் விற்பனைச் சட்டம், மென்பொருள் உள்ள பொருட்களையும் சேர்த்தே பேசுகிறது. பொருள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான அப்டேட்டுகள், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம்வரை வாங்கியவருக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியது விற்றவரின் பொறுப்பு. தயாரிப்பாளரைக் கைகாட்டிக் கடை ஒதுங்க முடியாது. ஒரு எச்சரிக்கை: அப்டேட் வந்திருக்கிறது என்று முறைப்படி சொல்லியும் நாம் போடாமல் விட்டால், அதனால் வரும் கோளாறு நம் தலையில்தான் விழும். ஆகவே அப்டேட் மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், போட்ட தேதியையும் குறித்துவையுங்கள்.

பின்லாந்தின் நுகர்வோர் ஆலோசனைச் சேவைக்கு எழுதினேன். கட்டணம் கிடையாது. அவர்கள் சொன்னபடி, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பினேன். பெட்டியின் படம், 16 சென்ட்டும் 2 சென்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த படம், அரட்டை முழுவதும் இணைத்தேன். முதலில் 20 யூரோவுக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். மறுத்து எழுதினேன். ஜனவரியில் 119 யூரோவும் வந்துசேர்ந்தது. தவறான நேரத்தில் எரித்த மின்சாரத்துக்கு எதுவும் இல்லை. மின் நிறுவனத்தின் பக்கத்தில் என் கால்மணிக் கணக்கை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். நட்டம் 14 யூரோ சொச்சம். பெரிய தொகை இல்லை என்பது எனக்கும் தெரியும். இதே கூத்து 2024 ஜனவரி 5 போல ஒரு நாளில் நடந்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இப்போதே அந்தத் திரை வீட்டில் இருப்பவர்கள், இன்று மாலை 6 மணிக்குத் திரையையும் மின் நிறுவனத்தின் செயலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு நேரத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். எங்கள் திரை அதிகாலை 1 மணிக்குச் சரியாகத்தான் காட்டியிருக்கும். வரி சேர்த்த விலையா, சேர்க்காததா என்பதையும் ஒப்பிடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு நாளுக்கு 23 மணி நேரம், அன்று ஒரு கண் வையுங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள், நிறுவனத்தின் பக்கத்தில் கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது என்று தேடுங்கள். தேதியே போடாத நிறுவனமென்றால் நான் வாங்கமாட்டேன். 'இலவச அப்டேட்' என்றால் எவையெல்லாம் என்று வாங்கும்முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது திரை இல்லை. மறுநாள் விலை பிற்பகல் 2 மணி வாக்கில் வந்துவிடும். மனைவி மொபைலில் பார்த்து, மலிவான நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுகிறாள். மாவு அரைக்கும் நேரமும் அதில் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது: 2 யூரோ 99 சென்ட் பிடித்தம். சாதனத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் செயலியில் ரத்து செய்ய, முதலில் திரையில் தெரியும் ஆறு இலக்க எண்ணைப் போட வேண்டுமாம். எந்தத் திரையில்? வங்கிக்குப் போன் போட்டு அட்டையை முடக்கச் சொல்லிவிட்டேன்.