சார்ஜ் ஏற ஏறச் சதவீதம் இறங்கும் போர்டு: வாங்கி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

ஒற்றை லித்தியம் பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். சார்ஜ் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று காட்டுவதற்காக, ப்யூயல் கேஜ் சிப் பொருத்திய ஆயத்த போர்டை இணையத்தில் வாங்கினேன். முதல் நாளே வேடிக்கை ஆரம்பித்தது. கருவி ஓட ஓடச் சதவீதம் ஏறியது. சார்ஜரில் போட்டால் இறங்கியது. பூஜ்யத்தைத் தொட்டதும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே 'பேட்டரி தீர்ந்தது' என்று சொல்லிக் கருவி அணைந்தது.

விற்றவரிடம் கேட்டேன். பேட்டரி கெட்டிருக்கும், எங்களிடமே புதிதாக வாங்குங்கள் என்றார். நானும் வாங்கினேன். புதிய பேட்டரியிலும் அதே கூத்துதான். சார்ஜ் ஆகும்போது மின்னோட்டம் 65036 மில்லிஆம்பியர் என்று வேறு காட்டியது. படம் எடுத்து அனுப்பினேன். "சிப் எரிந்துவிட்டது, பரிசோதனைக் கட்டணம் கட்டி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. எரிந்த சிப் இவ்வளவு ஒழுங்காக எண் சொல்லாது. சிப் தன் அளவுகளை எழுதிவைக்கும் 16 பிட் பதிவகத்தில் உள்ள மைனஸ் 500ஐ, மைனஸே இல்லாத எண்ணாகப் படித்தால் 65536இலிருந்து 500 போக 65036தான் வரும். என் சார்ஜர் தருவதும் 500 மில்லிஆம்பியர்தான். ஆக, அளவு சரி, திசைதான் தலைகீழ். அன்றே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, கட்டணத்தைக் கட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து போர்டு திரும்பி வந்தது. திரையில் மின்னோட்டம் இப்போது சார்ஜ் செய்தால் பிளஸ், ஓடும்போது மைனஸ். என் நிம்மதி மறுநாள் காலை வரை நீடித்தது. சதவீதம் பழையபடி தலைகீழாகவே போனது. 96 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தது. அளந்தால் பேட்டரி 3 வோல்ட்டுக்கும் கீழே. அந்தச் சுற்று இல்லையென்றால் பேட்டரியே போயிருக்கும்.

அவர்கள் 'பழுது பார்த்த' லட்சணம் இதுதான்: திரைக்கு எண்ணை அனுப்பும் நிரலில் ஒரு மைனஸைச் சேர்த்திருக்கிறார்கள். சிப்புக்கு அது எப்படித் தெரியும்? பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்க அதன் வழியில் வைத்த ஷன்ட் என்ற சிறு மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மில்லிவோல்ட்டைப் பார்த்து, வந்ததையும் போனதையும் அது தனக்குள்ளேயே கூட்டிக் கழிக்கிறது. கணக்குப்பிள்ளை வரவைச் செலவாக எழுதிக்கொண்டே போக, முதலாளியிடம் வாசிக்கும்போது மட்டும் மாற்றி வாசித்த கதைதான்.

பிறகு நானே மல்டிமீட்டரை எடுத்தேன். அந்த 10 மில்லிஓம் ஷன்ட் மின்தடையில் 500 மில்லிஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட் வர வேண்டும், வந்தது. ஆனால் சிப் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளின்படி எந்த முனை உயர்ந்திருக்க வேண்டுமோ அது தாழ்ந்திருந்தது. அந்த முனைகளிலிருந்து சிப்புக்குப் போகும் இரண்டு செப்புத் தடங்களும் போர்டின் வடிவமைப்பிலேயே இடம் மாறியிருந்தன. இரண்டையும் கத்தியால் வெட்டி, மெல்லிய கம்பியால் மாற்றிப் பற்றவைத்தேன். அரைமணி நேர வேலை. சிப் அதுவரை கற்றுவைத்திருந்த பொய்க் கொள்ளளவை அழித்து, பேட்டரியை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கத்தான் ஒரு நாள் பிடித்தது.

இத்தகைய போர்டு வாங்குகிறவர்கள் திரையில் தெரியும் குறியை நம்ப வேண்டாம். அதைப் போகிறபோக்கில் மாற்றிவிடலாம். பாதி தீர்ந்த பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி, சதவீதம் ஏறுகிறதா என்று அரைமணி நேரம் பாருங்கள். இறங்கினால் புதிய பேட்டரி வாங்காமல், எதையும் வெட்டாமல், போர்டை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

வெட்டாமல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அளவுகளையும் படங்களையும் நான் அனுப்பியதற்கு அவர்களிடமிருந்து வந்த பதில் இது: "தடத்தை நீங்களே வெட்டிவிட்டீர்கள், இனி உத்தரவாதம் செல்லாது."