தேர்தல் ஆணைக்குழுவின் இடாப்புத் தேடல்: மலையகத்துக்கு எவ்வளவு உதவும்?

வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கிறதா என்று இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மாவட்டத்தைத் தெரிவுசெய்து அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் போதும். கட்டணம் இல்லை, தமிழிலும் இருக்கிறது, சாதாரணக் கைபேசியிலேயே வேலை முடிந்துவிடும். பேரைக் கேட்காமல் இலக்கத்தைக் கேட்பது தோட்டப்புறத்துக்குப் பெரிய நன்மை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், சிங்களம் வழியாக எழுதப்பட்டு அட்டையில் வேறு விதமாகவும் பேர் உள்ளவர்கள் எந்த லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளரின் எந்த வரிசை வீடுகளிலும், இருப்பார்கள்.

பதிவு இல்லை என்று வந்தால் உடனே பதற வேண்டாம். முதலில் மாவட்டத்தைப் பாருங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்பவரின் பேர் பெரும்பாலும் நுவரெலியாவிலோ பதுளையிலோ பெற்றோரின் முகவரியில்தான் இருக்கும். அடுத்து இலக்கத்தின் வடிவம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக உள்ள பழைய அட்டை என்றால், எழுத்தை விட்டுவிட்டு முன்னால் 19 சேருங்கள். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு 0 போடுங்கள். பன்னிரண்டு இலக்கம் வந்துவிடும். பழையது, புதியது இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகுதான் பேர் இல்லை என்று முடிவுக்கு வர வேண்டும்.

இந்தச் சேவை இருப்பதைக் காட்டும், இல்லாததைச் சேர்க்காது. சேர்ப்பது கிராம உத்தியோகத்தர் வழியாக வரும் படிவம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தனி வீட்டு இலக்கமே இல்லாத லயங்கள் இன்னும் உண்டு. தபால் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளையின் பேரை 'இப்போது இங்கே இல்லை' என்று வீட்டாரே எழுதாமல் விடுகிறார்கள். படிவத்தில் லய இலக்கம், காம்பிரா (லய அறை) இலக்கம், டிவிஷன் (தோட்டப் பிரிவு) மூன்றையும் எழுதுங்கள். கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஒருவருக்கு இடாப்பில் சேரத் தகுதி உண்டா என்று கணக்கிடும் தகுதித் திகதி பெப்ரவரி 1. 2021 திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் திகதிக்குப் பின் 18 வயது நிறைபவர்களுக்குக் குறைநிரப்பு இடாப்பும், அதாவது கூடுதல் இடாப்பும், உண்டு. நீக்கப்போகும் பேர்களும் சேர்க்கப்போகும் பேர்களும் பட்டியலாக வைக்கப்படும் காலத்தில்தான் தேடல் உண்மையில் பயன்படும். அப்போது பேரைச் சேர்க்கச் சொல்லி உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு பார்ப்பவருக்கு மிஞ்சுவது கவலை மட்டுமே. சாவடியில் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டால் 'ஓட்டைத் திருடிவிட்டார்கள்' என்ற பேச்சு மாலைக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். அந்தப் பேர் மாதக்கணக்கில் முன்பே விடுபட்டிருக்கும். 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் 1949 தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கை இழந்த சமூகத்தில் இந்தச் சந்தேகம் எளிதில் போகாது. அதனால்தான் லயத்துக்கு ஓர் இளைஞராவது பட்டியல்கள் வைக்கப்படும் வாரங்களில் எல்லா வீட்டு அட்டைகளையும் வாங்கித் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

தேர்தலுக்கு முன் தபாலில் வரும் வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும் வாக்களிக்கலாம். பேர் இடாப்பில் இருந்து, செல்லுபடியாகும் அடையாள ஆவணம் கையில் இருந்தால் போதும். அடையாள அட்டையே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் மூலம் தேர்தல் அலுவலகத்தின் தற்காலிக அட்டையைக் கேட்கலாம். விண்ணப்பம் தேர்தலுக்குச் சில நாள் முன்பே மூடிவிடும்.

தேடலுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் பேர் நீக்கப்படப்போகிறது என்றால் அந்த ஆளின் கைபேசிக்கே ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும். நுவரெலியா–மஸ்கெலியா போன்ற பெரிய தொகுதியில், சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்க்கக் கொழுந்து பறிப்பவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகும் நிலை இருக்கக் கூடாது.