பேரியில் ஒரு கொண்டோ: குரோம்பேட்டை அப்பாவின் ரிவ்யூ

மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் கொண்டோ வாங்கியிருக்கிறார்கள். கொண்டோ என்றால் நம்ம ஊர் ஃபிளாட்தான். நவம்பரில் போய் மார்ச் வரை அதில் இருந்துவிட்டு வந்தோம். வங்கியில் பதினெட்டு வருஷம் வீட்டுக் கடன் ஃபைல் பார்த்தவன் என்பதால், வீட்டைவிடப் பத்திரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் நண்பர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

ஊர் பெயர் பேரி. டொராண்டோவுக்கு வடக்கே 100 கிலோமீட்டர் சொச்சம், சிம்கோ ஏரிக் கரையில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம்ம பல்லாவரத்தைவிடச் சின்ன ஊர். அலண்டேல் ஸ்டேஷனில் கோ ரயில் (நம்ம எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி புறநகர் ரயில்) ஏறினால் டொராண்டோவின் யூனியன் ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். செங்கல்பட்டிலிருந்து பீச்சுக்கு தினமும் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். மாப்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் இருட்டோடு கிளம்பி, உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகிறார். இதே அளவு வீட்டுக்கு டொராண்டோவில் சொன்ன விலையைக் கேட்டபின் எனக்கும் அது நல்ல தூக்கமாகவே பட்டது.

மூன்றாவது மாடி, ஒரு பெட்ரூம், கூடவே ஒரு குட்டி அறை. 720 சதுர அடி. டேப் வைத்து அளந்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரில் கொஞ்சம் போனது, மற்றபடி சொன்னது சரி. படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் ரூம் எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுகிற சூப்பர் பில்ட்-அப் கணக்கு அங்கே இல்லை. நம்ம யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) மாதிரியான பங்கு உண்டு, ஆனால் அது சதுர அடியில் வராமல் சதவீதமாக வருகிறது.

விலை 4,20,000 டாலர். பேரி இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பத்திரச் செலவு என்று லேண்ட் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் கட்ட வேண்டும். இவர்களுக்கு 4,875 டாலர் வந்தது. முதல் வீடு என்றால் 4,000 வரை கழிவு, ஆக 875 கட்டினார்கள். இங்கே பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் என்பதை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். ஆனால் அந்தக் கழிவுக்கு ஒரு நிபந்தனை: உலகத்தில் எங்குமே சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. குரோம்பேட்டை வீட்டை மகள் பெயரில் எழுதச் சொல்லி என் தம்பி எத்தனை முறை நச்சரித்தான்! நல்ல வேளை, சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன். என் பெயரையும் கூட்டாகச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு வக்கீல் சிரித்தாராம். 2023 ஜனவரியிலிருந்து என்னைப் போன்ற வெளிநாட்டார் அங்கே வீடு வாங்கத் தடை.

இனி நான் மயங்கிய சமாச்சாரம். ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட் என்று ஒன்று. வாங்குகிறவர் கேட்டால் அந்தக் கட்டடத்தின் அசோசியேஷன் 10 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கட்டணம் 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. நம்ம வில்லங்கச் சான்று மனையின் கதையைச் சொல்லும், கட்டடத்தின் உடல்நிலையைச் சொல்லாது. இது அதைச் சொல்கிறது. விற்கிறவர் பராமரிப்புப் பாக்கி வைத்திருக்கிறாரா, கட்டடத்தின் மேல் வழக்கு உண்டா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, பெரிய ரிப்பேருக்கென்று சேர்த்து வைக்கும் ரிசர்வ் ஃபண்டில் எவ்வளவு பணம், திடீர் வசூல் ஏதாவது வரப்போகிறதா, எல்லாம் அதில் உண்டு. கூரை, லிஃப்ட், பாய்லர் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சட்டமே சொல்கிறது. மகள் முதலில் ஆசைப்பட்ட வேறொரு கட்டடத்தை, இந்தக் காகிதத்தில் ஃபண்ட் காய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் வக்கீல் வேண்டாம் என்றாராம்.

பராமரிப்பு மாதம் 540 டாலர். நம் காசில் முப்பதாயிரத்துக்கு மேல். கேட்டவுடன் வயிறு எரிந்தது. டிசம்பரில் ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு 'பீப் பீப்' என்று சத்தம் கேட்டு ஜன்னலைத் திறக்காமல் எட்டிப் பார்த்தேன். முட்டியளவு பனி. மஞ்சள் விளக்கு சுழல ஒரு வண்டி அதை வாரி ஓரமாகக் குவிக்கிறது. பின்னாலேயே ஒருவர் வாசல்படியில் உப்புத் தூவுகிறார். மாப்பிள்ளை கிளம்பும்போது பாதை கறுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு 540 பற்றி நான் வாய் திறக்கவில்லை. தனி வீட்டுக்காரர்கள் அந்நேரம் மண்வெட்டியோடு நின்றார்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது; வடாம் பிழியலாம் என்று மாவோடு போன என் மனைவிக்கு இது பெரிய அடி. அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளாமல் சுற்றிச் சுற்றி வீட்டுக்குள்ளேயே விடுகிறது. கடுகு தாளித்த இரண்டாம் நாளே அலாரம் அலறியது. பார்க்கிங் ஒன்றுதான். பனிக் காலத்தில் ராத்திரி தெருவில் காரை நிறுத்தக் கூடாதாம், அதனால் விருந்தாளி வந்தால் திண்டாட்டம். வீடு பார்க்கும்போதே பார்க்கிங் இடம் பத்திரத்தில் இருக்கிறதா, வெறும் உபயோகத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஹைட்ரோ பில் என்று தனியாக ஒன்று வந்ததும் தண்ணீர்க் கட்டணம் என்று நினைத்து இரண்டு நாள் குளியலைச் சுருக்கினேன். அங்கே ஹைட்ரோ என்றால் கரண்ட்.

ஊர் திரும்பிய வாரமே எங்கள் அசோசியேஷன் கூட்டம். மொட்டை மாடியில் மழைநீர் இறங்காமல் போடும் வெதரிங் கோர்ஸ் பெயர்ந்து மேல் வீடுகள் ஒழுகுகின்றன. வீட்டுக்கு 18,000 கேட்டார்கள். இதற்கென்று சேர்த்த கார்பஸ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். செயலாளர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "மாடி ஒழுகினா எனக்கென்ன சார்?" என்றார் கிரவுண்ட் ஃப்ளோர்க்காரர். நான் ஸ்டேட்டஸ் சர்டிஃபிகேட் என்று ஆரம்பித்தேன், அதற்குள் காபி வந்துவிட்டது.