1967-இன் தடங்களில் ஓர் ஓட்டம்: கிராண்ட் பிரிக்ஸ் லெஜெண்ட்ஸ்

1998-இல் பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கிய ‘கிராண்ட் பிரிக்ஸ் லெஜெண்ட்ஸ்’ கணினி விளையாட்டு, 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பந்தயங்களை மையமாகக் கொண்டது. இன்றைய கண்ணுக்கு அதன் காட்சியமைப்பு பழையதுதான். ஆனால் பழைய பந்தயத் தடங்களை அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது.

பெல்ஜியத்தின் ஸ்பா தடம் ஒன்றே போதும். இப்போது ஏறத்தாழ 7 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்ட அது, அன்று 14 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுச் சாலைகளின் வழியே வயல்களையும் வீடுகளையும் உரசிச் சென்றது. மாஸ்டா நேர்ப்பாதையின் நடுவே, வீடுகளுக்கிடையில் இடமும் உடனே வலமுமாகத் திரும்பும் வளைவை முழு வேகத்தில் நெருங்கும்போது, 1966-இல் அத்தடத்தில் விபத்துக்குள்ளான பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் பிற்காலத்தில் பாதுகாப்புக்காக ஏன் அவ்வளவு போராடினார் என்பது விளக்கமின்றியே புரிந்துவிடுகிறது.

அவ்வாண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸ் லெ மானின் புகாட்டி தடத்தில்தான் நடந்தது. விளையாட்டிலோ பிரான்ஸின் மற்றொரு தடமான ரூவான் இடம்பெறுகிறது. வரலாற்றுப்படி இது பிசகுதான். ஆனாலும், சரிவில் வளைந்து இறங்கிக் கல் பாவிய கொண்டைஊசி வளைவை அடையும் அந்தச் சாலையை ஓட்டிப் பார்த்தவர் எவரும் இம்மாற்றத்துக்காக வருந்தமாட்டார். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் இல்லாத அக்காலக் கார்கள், ஆக்சிலரேட்டரைச் சற்று அவசரமாக மிதித்தாலே சுழன்றுவிடும் என்பதால், விசைப்பலகையை நம்பாமல் ஸ்டியரிங் கருவியுடன் ஆடுவது நல்லது.