கொழுக்கட்டைக்குச் சாப்பாடு: 14 டொலர் சாவணமும் 4 டொலர் பேஸ்ரரும்

எங்கள் வீட்டு அக்சலோட்டலுக்குப் பெயர் கொழுக்கட்டை. அக்சலோட்டல் என்பது தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற, பல்லி போல் நாலு காலும் வாலும் உள்ள, தவளை இனத்துக்குச் சொந்தமான ஒரு பிராணி. வெள்ளை உடம்பு, தலையின் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு இறகு போல் செவுள்கள், எந்நேரமும் சிரித்தபடி ஒரு வாய். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021ஆம் ஆண்டு இந்தப் பிராணியைச் சேர்த்தார்கள். அதைக் கண்ட நாளிலிருந்து சின்னவள் கேட்டு, அழுது, கடைசியில் போன வருடப் பிறந்தநாளுக்கு வாங்கியாயிற்று. விளையாட்டில் ஒரு வாளி மீனைக் காட்டினால் அதன் சாப்பாட்டு வேலை முடிந்தது. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்றில் அந்த வேலை பிடிபட எனக்கு எட்டு மாதமும் மூன்று சாமானும் ஏறக்குறைய 20 டொலரும் ஆகின. அந்த மூன்று சாமானையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எதற்காக வாங்கினேன் என்று சொல்லவேண்டும். பிராணியை விற்றவர் உறைந்த இரத்தப்புழுக் கட்டிகள் ஒரு தட்டுத் தந்து, நாளுக்கு ஒன்று தொட்டியில் போடச் சொன்னார். போட்டோம். இரத்தப்புழு உண்மையில் புழுவே அல்ல, கொசு மாதிரியான ஒரு சின்னப் பூச்சியின் குடம்பி. கட்டி கரைந்ததும் தொட்டிக்குள் யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டினது போல் எல்லாப் பக்கமும் பரவிவிடும். கொழுக்கட்டை கடித்துச் சாப்பிடுகிற ஆள் இல்லை. பல் இருக்கிறது, ஆனால் இரை வழுக்காமல் பிடிக்க மட்டும். வாயைப் பட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். தண்ணீர் செவுள் பிளவு வழியாக வெளியே போகும். பொடிப்பொடியான சாப்பாட்டில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். உள்ளே போனது பாதி, மணலில் விழுந்து அழுகியது பாதி.

அழுகின தீனியால் தண்ணீரில் சேர்கிற நச்சு அமோனியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் பச்சையாக நின்றது. செவுள் நுனிகள் முன்பக்கம் சுருண்டிருந்தன, அது மன அழுத்தத்தின் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தேன். கொழுக்கட்டையைத் தூக்கி ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டியில் விட்டு, ஒரு கிழமை முழுக்க இரவில் வாளி தூக்கினேன். இவர் அந்தக் கிழமை இரவு வேலை. எனக்கு மட்டும் முதுகு பிடித்தது.

அப்புறம் புழுவைப் பிடித்து வாய்க்கு நேரே நீட்ட ஒன்லைனில் வாங்கியதுதான் சாவணம், நீளமான ஒரு இடுக்கி. துருப்பிடிக்காத இரும்பு என்று போட்டிருந்தது, 27 சென்ரிமீற்றர், நேர் நுனி, 14 டொலர். படத்தில் ஒரு கை நனையாமல் ஒய்யாரமாகப் புழுவை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தொட்டியின் உயரம் 16 அங்குலம், அதாவது 40 சென்ரிமீற்றருக்கு மேல். கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுக்கு மேல் கை உள்ளே போகிறது. வாங்குகிறவர்கள் தொட்டியை அளந்துவிட்டு 38 சென்ரிமீற்றர் வாங்குங்கள்.

இரண்டாவது குறை பெரியது. நுனி ஊசி மாதிரி. நீர்ச்செடி நடுவதற்குச் செய்த சாமானை விலங்குக்குத் தீனி கொடுக்க என்று விற்கிறார்கள். கொழுக்கட்டைக்குக் கண் அவ்வளவு தெரியாது. மணத்தையும் அசைவையும் வைத்துத்தான் பாய்கிறது. புழுவை விட்டுவிட்டு இரும்பைக் கவ்வி "டிக்" என்று ஒரு சத்தம் வந்ததே, எனக்குப் பல் கூசியது. காற்றுப் பம்பியின் சிலிக்கோன் குழாயில் இரண்டு சின்னத் துண்டு வெட்டி நுனிகளில் மாட்டினேன். இப்போது பயமில்லை, புழுவும் வழுக்குவதில்லை. ஐந்தாம் மாதம் மேல் மூட்டில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. துருப்பிடிக்காதாம்!

ஆனால் மண்புழு கொடுக்க இதைவிட வேறு வழி இல்லை. மண்புழு முழுசாக உள்ளே போகும், கரையாது, பரவாது, தொட்டியில் ஒரு துணுக்கு மிஞ்சாது. இந்த நாட்டில் அது கிடைப்பதும் சுலபம். தென்மேற்கு ஒன்ராறியோ வயல்களில் இரவில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு கையால் பொறுக்கி ஏற்றுமதி செய்கிற பெரிய புழுக்கள் அவை. கோடையில் தூண்டில்காரர்களுக்காகப் பெற்றோல் நிலையத்தில்கூட டசின் கணக்கில் கிண்ணத்தில் விற்பார்கள். தூண்டிலுக்கென்று சாயம் ஏற்றிய புழு மட்டும் வேண்டாம். ஒரு புழுவை இரண்டு மூன்றாக வெட்டவேண்டும், தடிப்பு கொழுக்கட்டையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. உரக்குழியில் விடுகிற சின்னச் சிவப்புப் புழு மலிவு என்று ஒரு தடவை வாங்கினேன். அது மஞ்சளாக ஒரு கசப்பு நீர் விடும். கொழுக்கட்டை மூன்று தரம் வாயில் எடுத்து மூன்று தரமும் துப்பிவிட்டுக் குகைக்குள் போய்விட்டது.

புழு பிரிட்ஜில்தான் இருக்கவேண்டும். கீழ்த்தட்டில், மூடி போட்ட டப்பாவில், மேலே பெயர் எழுதி வைத்தேன். அம்மா அதை மாசிச் சம்பல் டப்பா என்று நினைத்துத் திறந்த நாளை நான் விவரிக்கப் போவதில்லை. "உந்தப் புழுவை எடுத்து எங்கையாவது வை. இல்லாட்டி நான் பெரியவன்ரை வீட்டை போறன்" என்றார். இப்போது பேஸ்மென்றில் பழைய சின்ன பிரிட்ஜ் ஒன்று ஓடுகிறது. அந்தக் கரண்ட் காசை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது சாமான் டொலர் கடையில் 2 டொலருக்கு எடுத்த மெழுகுவர்த்திக் கண்ணாடிக் கிண்ணம். மீன் கடைகளில் தீனிக் கிண்ணம் என்று இதையே நாலு மடங்கு விலைக்கு வைத்திருக்கிறார்கள். கனமாக இருக்கவேண்டும், விளிம்பு மழுங்கி இருக்கவேண்டும், நிறம் பூசியிருக்கக்கூடாது, அவ்வளவுதான் தகுதி. எப்போதும் ஒரே மூலையில் வைத்தால் இரண்டு கிழமையில் இடம் பழகிவிடுகிறது. பசித்தால் கிண்ணத்துக்குள் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறது, சாப்பாட்டு மேசையில் கோப்பையைத் தட்டுகிற பிள்ளை மாதிரி.

மூன்றாவதுதான் என் தங்கம். கிறிஸ்மஸுக்கு வான்கோழி வாட்டும்போது மேலே சாற்றை ஊற்ற ஒரு றப்பர் குமிழ் வைத்த நீளக் குழாய் வைத்திருப்பார்களே, பேஸ்ரர், அது. 4 டொலர். இரத்தப்புழுக் கட்டியை ஒரு கோப்பையில் தொட்டித் தண்ணீர் விட்டு இளக்கி, தேநீர் வடியில் ஊற்றி அந்தச் சிவப்புச் சாற்றை வெளியே கொட்டிவிட வேண்டும். தண்ணீரைக் கெடுப்பதில் பெரும் பங்கு அந்தச் சாற்றுக்குத்தான். பிறகு புழுக்களை நல்ல தண்ணீரோடு பேஸ்ரரில் உறிஞ்சி, கிண்ணத்துக்குள் மெதுவாக விடலாம். ஒரு விஷயம் கவனம்: தொட்டிக்குள் இருந்து எதையாவது உறிஞ்சி எடுப்பதானால் குமிழைத் தண்ணீருக்கு வெளியே வைத்து அழுத்திவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். உள்ளே போய் அழுத்தினால் காற்று குமிழியாக வெளியேறி, கிண்ணத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தொட்டி முழுக்கத் தெளித்துவிடும். சின்னவள் செய்து காட்டினாள்.

20 நிமிடம் விட்டு மிச்சத்தை அதே பேஸ்ரரால் உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். மறுநாள் அதன் கழிவையும் அப்படித்தான், மணலைக் கலக்காமல் அப்படியே தூக்கிவிடலாம். இதற்கென்று வலை வைத்துத் துழாவிய நாட்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அமிழ்கிற தீனி உருண்டைகளும் ஒரு போத்தல் வாங்கினேன். மென்மையாக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, ஆனால் அரை மணிநேரத்தில் ஊறிப் புகை மாதிரிக் கலங்குகிறது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போக நல்லது. வேறு எதற்கும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு மாதம் தண்ணீர் திரும்பக் கலங்கியது. சாமானில் பிழை இல்லை. வளர்ந்த அக்சலோட்டலுக்குக் கிழமையில் இரண்டு அல்லது மூன்று தரம் கொடுத்தால் போதும். நான் அந்தக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்க, பகலில் அம்மா கீழே இறங்கி, "பாவம், வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்று சொல்லி இன்னொரு கட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். புழுவைப் பார்த்தால் ஓடுகிறவர்தான். வயிறு காய்கிறது என்று நினைத்தால் அவருக்குப் பொறுக்காது. இப்போது பிரிட்ஜ் கதவில் ஒரு கலண்டர் தொங்குகிறது, கொடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டும். தண்ணீர் 17 பாகையில் தெளிவாக நிற்கிறது, சோதனைக் குழாயும் மஞ்சள்தான்.

சாவணத்துக்கு ஐந்தில் இரண்டரை, அதுவும் குழாய்த் துண்டு மாட்டிய பிறகு. கிண்ணத்துக்கு நாலு. பேஸ்ரருக்கு ஐந்து. வாங்குவதானால் இரண்டாக வாங்கி, தொட்டிக்கு உரியதில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். போன மார்கழியில் மச்சாள் வீட்டு வான்கோழிக்கு எங்களுடையதை இரவல் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்கப் போன இவரை வாசலில் ஓடிப்போய் மறித்தேன்.