இரண்டு கார்த்திகை சீசன் பார்த்த அட்டைப் பூட்டு

கன்னியாகுமரியில் ரயில்வே ஸ்டேஷனுக்கும் கடற்கரைக்கும் நடுவில் எங்களுக்கு 14 அறையுள்ள ஒரு லாட்ஜ் இருக்கிறது. அப்பா தொடங்கியது. இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 2023 செப்டம்பரில் 12 அறைகளுக்கு அட்டை காட்டித் திறக்கிற எலக்ட்ரானிக் பூட்டு போட்டோம். அக்கம்பக்கத்து லாட்ஜ்காரர்கள் பலரும் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். போனில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஏன் மாற்றினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் மே மாதம் புனேயிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தார். 7-ம் நம்பர் அறையின் தாக்கோலைக் கையில் வாங்கிக்கொண்டே, "இந்த ரூமுக்கு மொத்தம் எத்தனை சாவி இருக்கு?" என்று கேட்டார். (சாவிக்கு எங்கள் பக்கம் தாக்கோல் என்றுதான் சொல்வோம்.) ரெண்டு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதில் ஒன்றை மறதியாக ஊருக்கே கொண்டுபோய், பத்து நாள் கழித்து கூரியரில் அனுப்பியிருந்தது. அதற்குள் நாங்கள் நாகர்கோவில் வடசேரியில் ஒன்று வெட்டிவிட்டோம். அதற்கு முந்தின வருஷம் வேலையை விட்டுப் போன பையனிடம் ஒன்று இருந்ததா, திருப்பித் தந்தானா, யாருக்கும் நினைவில்லை. பத்து நிமிஷமும் கொஞ்சம் ரூபாயும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். "உள்ளே கொண்டியையும் போட்டுக்கோங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு மாடி ஏறினார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அட்டைப் பூட்டில் எனக்குப் பிடித்தது இந்த ஒரு கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்பதுதான். இந்த யோசனையே அப்படி ஒரு பயத்திலிருந்து வந்ததுதான். 1970-களில் அமெரிக்காவில் ஒரு பாடகி தங்கியிருந்த அறைக்குள் ஒருவன் புகுந்து தாக்கிய செய்தியைக் கேட்டுத்தான், ஆளுக்கு ஆள் மாற்றக்கூடிய சாவி வேண்டும் என்று நார்வேக்காரர் டோர் சோர்னெஸ் யோசித்தார் என்பார்கள். அவர் செய்தது துளை போட்ட பிளாஸ்டிக் அட்டை. 32 இடங்களில் ஒவ்வொன்றிலும் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டால் 429 கோடிக்கு மேல் விதவிதமான சாவி வரும். அப்புறம் காந்தப்பட்டை அட்டை வந்தது, இப்போது தொட்டாலே போதும் என்கிற சிப் அட்டை.

எங்கள் பூட்டு வேலை செய்யும் விதத்தைப் பார்த்து ஒரு வாரம் வியந்துகொண்டே இருந்தேன். பூட்டுக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒயர் கிடையாது, வைஃபை கிடையாது. கவுண்டர் கம்ப்யூட்டரோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் அட்டையை வைத்து அறை நம்பர், வந்த நேரம், காலி செய்யும் நேரம் எழுதுகிறோம். விருந்தாளி அந்த அட்டையைக் கதவில் காட்டியதும், இது போன அட்டையைவிடப் புதியது என்று பூட்டு தெரிந்துகொண்டு, பழையதை அன்றோடு தள்ளிவிடுகிறது. அதாவது செய்தியை மாடிக்குக் கொண்டுபோவது அந்த அட்டையேதான். முதல் நாள் நானே ஒரே அறைக்கு இரண்டு அட்டை எழுதி எடுத்துப்போய்ப் பார்த்தேன். பழையதைக் காட்டினேன், பச்சை விளக்கு, உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், கைப்பிடி இறங்கியது. புதியதைக் காட்டினேன், பச்சை. மறுபடி பழையதைக் காட்டினேன். சிவப்பு, மூன்று முறை 'பீப்'. கைப்பிடி சும்மா தொங்கியது. அப்பாவை மாடிக்குக் கூட்டிவந்து காட்டினேன். "அட்டைய நம்பியா கதவ பூட்டப் போற மக்ளே?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் நாலு தடவை எரிய வைத்துப் பார்த்தார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டீலர் சொல்லவில்லை, நாங்களாகக் கண்டுகொண்டோம். புதிய அட்டை கதவைத் தொடும் வரை பழைய அட்டைக்கு உயிர் இருக்கும், அதன் நேரம் முடிந்திருந்தால் தவிர. அதனால் அட்டையைக் கொடுத்து "போங்க சார்" என்று அனுப்புவதில்லை. எங்கள் ஆள் ஒருவர் கூடவே போய், புதிய அட்டையால் கதவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவார். அட்டையைத் தொலைத்தவருக்கும் இதேதான். புதிதாக எழுதி, கூடப்போய்த் தொட்டுவிட்டால் தொலைந்தது வெறும் பிளாஸ்டிக்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பூட்டு ஒன்று 5,600 ரூபாய், 12-க்கு 67,200. எழுதும் பெட்டியும் சாஃப்ட்வேரும் 7,500. நூறு அட்டை 2,500. ஆசாரி கூலி கதவுக்கு 600 வீதம் 7,200. எங்கள் கதவெல்லாம் பழைய அயனிப் பலகை, அப்பா காலத்தில் போட்டது, நல்ல கனம். பூட்டுப் பெட்டி உள்ளே இறங்க ஆசாரி ஒவ்வொரு கதவிலும் உளியால் ஒன்றரை மணி நேரம் செதுக்கினார். பழைய தாழ்ப்பாளின் ஓட்டைகளை மரத்துண்டு வைத்து அடைத்து, மெழுகும் மரத்தூளும் பூசி மறைத்ததும் அவர்தான். பூட்டு வாங்குவதற்கு முன் கதவின் கனத்தை அளந்து டீலரிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. இரண்டு கதவுக்கு ஸ்குரூ நீளம் பற்றாமல் நாகர்கோவிலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

கூடுதலாக ஒரு 4,200 ரூபாய் ஆனது. பேட்டரி செத்துப்போனால் திறக்க, மூடிக்குக் கீழே ஒளித்து வைத்த ஒரு சாதாரணத் தாக்கோல் துவாரம் இந்தப் பூட்டுகளில் உண்டு. பூட்டுக்கு இரண்டு என்று 24 தாக்கோல் வந்தது. ஒருநாள் கையில் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்த்தேன். இருபத்து நான்கும் ஒரே வெட்டு! ஒரு தாக்கோல் எல்லா அறையையும் திறக்கும். இதே வெட்டு வேறு ஊர் லாட்ஜிலும் திறக்குமா என்று டீலரிடம் கேட்டேன், நேரான பதில் வரவில்லை. அட்டை எவ்வளவு புத்திசாலியாக இருந்து என்ன, பின்வாசல் இப்படித் திறந்து கிடந்தால்? தாக்கோல் நுழையும் சிலிண்டர் ஒன்றுக்கு 350 கொடுத்துத் தனிச் செட்டாக மாற்றச் சொன்னேன். இப்போது அந்தத் தாக்கோல்கள் ஒரு உறையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வீட்டு பீரோவில் இருக்கின்றன. நீங்கள் வாங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு சம்பவம். ஒரு குடும்பம் இரண்டு பவுன் சங்கிலியைக் காணவில்லை என்று சாயங்காலம் கவுண்டருக்கு வந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் குளிக்கும்போது கழற்றி மேஜையில் வைத்தார்களாம். அப்புறம் பகவதியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத்தான் திரும்பினார்களாம். அவர்கள் கண் நேராகப் போனது, வாளியோடு படியில் நின்ற எங்கள் சுத்தம் செய்யும் அக்காவின் மேல். பதினோரு வருஷமாக எங்களிடம் இருப்பவர். ஒரு வார்த்தை பேசவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் பூட்டிலிருந்து கணக்கை எடுத்து வந்தேன். யார் அட்டை, எத்தனை மணிக்குத் திறந்தது என்று பூட்டு குறித்து வைத்திருக்கும். அதற்கென்று ஒரு தனி அட்டையைக் கதவில் காட்டி, கீழே பெட்டியில் வைத்தால் கம்ப்யூட்டரில் வரிசையாக வரும். அக்காவின் அட்டை 11.25-க்கு ஒரு முறை. அதன்பின் அந்தக் கதவைத் திறந்ததெல்லாம் அவர்களுடைய அட்டை மட்டும்தான், கடைசியாக 4.59. பூட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் வேகம் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். அப்படிக் கழித்தாலும் அக்கா போனது சங்கிலி கழற்றுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் முன்னால். அவர்கள் அமைதியாக மேலே போனார்கள். மறுநாள் திருநெல்வேலி தாண்டும்போது போன் வந்தது, சங்கிலி பிள்ளையின் ஸ்வெட்டர் பைக்குள் இருந்ததாம். போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். தாக்கோல் காலமாக இருந்திருந்தால் அக்காவைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கூட்டிப்போயிருப்பார்கள். எனக்கு இந்த ஒரு நாளுக்காகவே மொத்தச் செலவு 88,600 ரூபாயும் தகும்.

இது நடந்ததற்குக் காரணம், சுத்தம் செய்பவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை தனித்தனியாக எழுதி வைத்திருந்ததுதான். டீலர் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு அட்டையைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியே விட்டிருந்தால் கணக்கில் யார் பெயரும் இருந்திருக்காது.

இனி குறை. முதல் குறை உப்பு. கடல் பார்த்த நாலு அறைகளின் பூட்டில் எட்டாவது மாதமே கைப்பிடி ஓரத்தில் பழுப்புக் கறை வந்துவிட்டது. 'எஸ்எஸ்', அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் பில்லில் போட்டிருந்தது. எஸ்எஸ்ஸில் பல தரம் உண்டு. மலிவான 202 நம்மூர்க் காற்றுக்குத் தாங்காது, 304 பரவாயில்லை, கடலோரத்துக்கு உரியது மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316. காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 202-உம் 304-உம் இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை பயன்படாது. பில்லில் தர எண்ணை எழுதி வாங்குங்கள். ஆடிக் காற்றில் இன்னும் மோசம். பேட்டரி மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கில் பச்சையாகப் பாசிபோலப் படிந்திருக்கும், கையில் ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, வாஸ்லின் துளி தடவி மூடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் ஓடுகிறது. செய்யாத ஒரு பூட்டு ராத்திரி பதினொன்றரைக்கு நின்றுவிட்டது. திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்த குடும்பம் கதவுக்கு வெளியே பெட்டிகளோடு நின்றது. வீட்டுக்கு ஓடிப்போய் உறையைக் கிழித்துத் தாக்கோல் கொண்டுவந்தேன்.

பேட்டரி பூட்டுக்கு நாலு, ஏஏ சைஸ். நல்ல ஆல்கலைன் போட வேண்டும், நாலையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கம்பெனி ஒரு வருஷம் என்கிறது. நான் கார்த்திகை ஒன்றுக்கு முன்னால் ஒருமுறை, சித்திரைக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஐயப்ப சீசனில் ஒரு அறையின் கதவு ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கரண்ட் போனால் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் புதிய அட்டை எழுதக் கம்ப்யூட்டர் வேண்டும். 2023 டிசம்பர் பெருமழையில் இது உறைத்தது. ஒக்கி புயல் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. கவுண்டருக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

கம்ப்யூட்டரும் ஒருமுறை காலை வாரியது. ஹார்ட் டிஸ்க் போனதும் எங்கள் லாட்ஜுக்கான குறியீடு முழுதும் அதோடு போனது. ஆள் வந்து சரிசெய்ய மூன்று நாள். அந்த மூன்று நாளும் ராத்திரி கவுண்டரில் இருக்கும் அண்ணன் எல்லா அறையையும் திறக்கும் மாஸ்டர் அட்டையோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். இப்போது வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுக்கிறேன்.

அட்டை வகையைக் கேட்டு வாங்குங்கள். அட்டையும் பூட்டும் ரேடியோ அலையில்தான் பேசிக்கொள்கின்றன. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அட்டைகளில் பெரும்பாலானவற்றில் வெறும் நம்பர் மட்டும்தான் இருக்கும், சில நொடியில் நகல் எடுத்துவிடலாம். அது மறுபடி வடசேரித் தாக்கோல் கதைதான். 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டை எடுங்கள். அதிலும் பழைய மைஃபேர் கிளாசிக் வகையின் ரகசியக் குறியீட்டை 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது அதுதான், அடுத்த முறை மாற்றுவேன். அதுவரை உள்தாழ்ப்பாளைப் போடச் சொல்லி மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளிருந்து அதைத் திருகிவிட்டால் விருந்தாளி அட்டையும் திறக்காது, அக்காவின் அட்டையும் திறக்காது. அவசர அட்டை ஒன்றே ஒன்றுதான் திறக்கும். அது என் இடுப்பில் இருக்கிறது.

விருந்தாளிகளுக்குப் பழக்கமாக ஒரு நிமிஷம் போதும். பர்ஸோடு சேர்த்துக் காட்டுபவர்களுக்குத்தான் சிக்கல். உள்ளே இருக்கும் பேங்க் அட்டையும் சேர்ந்து குழப்பும், தனியாக எடுத்துக் காட்டினால் உடனே திறக்கும். போன் பக்கத்தில் வைத்தால் அழிந்துவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காந்தப்பட்டை அட்டைதான் காந்தம் பட்டால் அழியும், இந்த வகைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

மொட்டைமாடியில் இருக்கும் இரண்டு அறைக்கு இன்னும் பழைய பூட்டுதான். அங்கே காற்று நேராக அடிக்கிறது. 316-இல் செய்தது கிடைக்குமா என்று இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறேன். அது வரும்வரை தனியாக வரும் பெண்களுக்கு அந்த இரண்டு அறையையும் கொடுப்பதில்லை.